அக்காவுக்கு இருபத்தெட்டு வயது

14.3.1987, சனி

அக்காவின் வயதைப் பற்றி இன்று நான் வாய் திறக்கவில்லை.

அவளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு என்னா வயசு?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டுதான்," என்றார் அம்மா.

"பாத்தா இருபதுன்னுதான் சொல்லலாம் லா," என்று அந்த ஆன்டி சிரித்தார்.

போன வாரம் டாக்டர் அக்காவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னது வேறு. அக்காவின் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அறுபது வயதாகிவிட்டதாம். பிள்ளை பெறுவது ஆபத்தாம்.

சமையலறையில் அக்கா கேட்டாள். "சொல்லிடுவியாடி?"

"நீயே சொல்லேன்."

"இன்னைக்கு ஒரு நாளு இருபத்தெட்டா இருந்துக்கறேனே."

தேத்தண்ணீர்த் தட்டை என்னிடம் தராமல் அவளே தூக்கிப் போனாள். தலை குனிந்து மூச்சு வாங்கியதை அவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரவு போன் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆவணியில் கல்யாணம்.