பி பிரிவுப் பிள்ளைகள் ஏன் எழுந்து நிற்கவில்லை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிட்டேன். பல் துலக்கவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை. நேற்றுப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வினாத்தாள் கட்டு மேஜைமேல் கிடந்து, அறை முழுக்க சைக்ளோஸ்டைல் மை வாடையை நிரப்பி வைத்திருந்தது. ஜன்னலைத் திறந்தும் வாடை போகவில்லை. அம்பத்தூரில் ஒரு சின்னக் கடையில் நாம் இருவரும் நின்று, என் ஆய்வுக்கான வினாத்தாள்களை உருட்டி எடுத்த சாயங்காலம்தான் மேலும் கிட்டத்தில் வந்தது. உன் மூக்கில் மை. அது தெரியாமல் கடைக்காரரிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஏட்டி காலேஜு, ஒண்ணாங்கிளாஸுப் பிள்ளைக்குப் பரீட்சையா வைக்கப் போற? இந்த நாத்தத்துக்கே பாதி மயங்கி விழுந்துரும்" என்றாய்.

நீ இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. இதுவரை உனக்குக் கடிதம் எழுத எனக்குத் தோன்றியதில்லை. பாசம் மிகுந்துபோய் இப்போது எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபமாக இருக்கிறேன். ஒரு வாரமாக இந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன், பாடம் எடுக்கிறேன், சோறு வடிக்கிறேன். சண்டை போட நீ இல்லை.

மேனாம்பேட்டுப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் நாம் சேர்ந்து வேலை பார்த்தது நாலைந்து வருஷம். நீ ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருவாய். உன் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் ஃபிட்டர். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் உன் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கும். அவர்கள் பேசுவதைக் கேட்டு நீ சிரிப்பாய். பிறகு நான் எம்.எட். படிக்கப் போனேன். ஆய்வுக்கு ஒரு வகுப்பு வேண்டியிருந்தபோது, அனுமதி வாங்கிக்கொண்டு நம் பள்ளிக்கே திரும்பி வந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் எளிமையானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களை வாய்ப்பாட்டு ராகத்தில் ஒப்பிக்கவைத்துக் கற்றுத்தருவது நல்லதா, பொருள்களைக் கையில் கொடுத்து, எண்ணி, பத்துப் பத்தாகக் கூட்டிவைத்து விளையாடவிட்டுக் கற்றுத்தருவது நல்லதா? ஒரு பிரிவுக்குப் புது முறை, இன்னொன்றுக்குப் பழைய முறை. ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டி. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். புது முறை ஏ பிரிவுக்கு விழுந்தது; அதை நான் நடத்த வேண்டும். பி பிரிவு உன்னுடையது. நீ பழையபடியே நடத்த வேண்டும். அதுதான் ஒப்பீடு. அது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

நீ சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அப்ப எம் பிள்ளையள் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரு வருஷந்தானே. அடுத்த வருஷம் எல்லாருக்கும் உண்டு."

"அடுத்த வருசம் வாரது வேற பிள்ளையள்லா? இதுகளுக்கு ஒண்ணாங்கிளாஸு ஒரு தடவதாம்ட்டி."

நான் உனக்கு ஆய்வு முறையை விளக்கினேன். நீ கேட்டுக்கொண்டாய். கடைசியில் "சரி" என்றாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு வருஷம் வேலை செய்தேன்.

அந்த வருஷம் முழுக்க என் பக்கத்தில் ஒரே இரைச்சல். புளியங்கொட்டையும் குச்சிக் கட்டுமாகப் பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். தட்டியின் இடுக்கில் எப்போதும் உன் பக்கத்துக் கண்கள் தெரியும். "டீச்சர், அங்க இன்னா ஒரே சிரிப்பா கீது? நாங்க மட்டும் இன்னாத்துக்குக் கத்திக்கினே இருக்கணும்?" என்று ஒரு குரல் கேட்டதும், "வாயப் பொத்திக்கிட்டு ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு" என்று நீ அதட்டியதும் எனக்குக் கேட்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும். வாக்குக் கொடுத்தபடி நடக்கிறாய் என்று.

மதியச் சாப்பாடு முடிந்து, மஞ்சள் மாவு உப்புமாவின் தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு, நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அன்றைய குறிப்புகளை எழுதுவேன். எழுதி முடித்து உன் வகுப்பையும் பார்க்க வருவேன். வரும்போதெல்லாம் ஓர் அதிசயம் நடக்கும். என்னைப் பார்த்தால் ஏ பிரிவுப் பிள்ளைகள் குதித்தெழுந்து வணக்கம் சொல்வார்கள். உன் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே "வணக்கம் டீச்சர்" என்று ராகம் இழுப்பார்கள். ஒரு கால் அசையாது.

"என்னடி இது, இப்படி உட்கார்ந்திருக்காங்க?"

"ஒழுக்கம்ட்டி, ஒழுக்கம். ஒங்க காலேஜுல சொல்லித்தர மாட்டாங்க."

நான் அதை ஆய்வேட்டில் எழுதினேன். பழைய முறையில் பயிலும் மாணவர்களிடம் அமைதியும் கட்டுப்பாடும் கூடுதலாகக் காணப்பட்டன என்று ஒரு பத்தி. முன்னுரையில் முதல் நன்றி உனக்கு: ஒப்பீட்டு வகுப்பை நேர்மையோடு நடத்தித் தந்த தோழிக்கு.

முடிவு உனக்குத் தெரியும். இரண்டு பிரிவும் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கின. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆக, கொட்டையும் குச்சியும் கூச்சலும் மிச்சம்" என்றார். பட்டம் கிடைத்தது. ஆனால் நான் நம்பியது கிடைக்கவில்லை. உன் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்து அழுதேன். நீ தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாய். "ரெண்டு பக்கமும் நல்லாப் பண்ணியிருக்குல்லா, அதுக்கு ஏன் ஒப்பாரி வைக்க?" என்றாய். எனக்கு அது ஆறுதல் பேச்சாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு பூந்தமல்லிப் பக்கம் பயிற்சிப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. வருஷா வருஷம் புது ஆசிரியர்கள் வந்தார்கள். கணக்குக் கற்பிக்கும் முறைகள் என்ற பாடம் வரும்போதெல்லாம் நான் சொல்வேன்: "நானே செய்து பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இல்லை." அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! படித்ததை யாரும் செய்து பார்க்காத ஊரில், செய்து பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டா? அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எங்கெங்கோ உள்ள பள்ளிகளில் போய் வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்தார்கள்.

போன வாரம் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் ஒரு பெண் பஸ்ஸில் ஏறினாள். கம்பெனி விட்டு வரும் கூட்டம். என் பக்கத்தில் இடம் கிடைத்ததும் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க தட்டிக்கு அந்தாண்ட இருந்த டீச்சர்தானே? என்னத் தெர்ல? தனம். பி செக்ஷன்."

தெரியவில்லை. தெரிந்ததுபோல் சிரித்தேன். ஸ்க்ரூ கம்பெனியில் பாக்கெட் போடும் வேலையாம். "எண்ணி எண்ணிப் போடணும் டீச்சர். மத்ததுங்கல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னுகினு இருக்கும். நான் பத்துப் பத்தாக் கூட்டு வச்சித் தள்ளிக்கினே போவேன். சூப்ரவைசர் கேக்கறாரு, இன்னாம்மா, கண்ணுலயே எண்றியான்னு. எங்க டீச்சர் குடுத்த டிரெயினிங் சார்ன்னேன்."

"எந்த டீச்சர்?"

"எங்க டீச்சர்தான். புளியங்கொட்ட வச்சி."

"அது ஏ பிரிவுல நான் செய்தது, தனம்."

"அய்ய, உங்களுக்குத் தெரியாதா? இன்னா டீச்சர் நீங்க!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாப்ட்டுட்டு நீங்க ஆபீஸ் ரூமுல எழுதிக்கினு இருப்பீங்கல்ல, அப்போ எங்க டீச்சர் கோணிய விரிச்சிக் கொட்டையெல்லாம் கொட்டுவாங்க. டெய்லி. உங்க செருப்புச் சத்தம் கேட்டா ஒடனே எல்லாரும் அதும்மேல குந்திக்கணும். எழுந்தா தெரிஞ்சிடும்ல? அதான் உங்களுக்கு வணக்கம் வைக்க நாங்க எழுந்துக்கவே மாட்டோம். இன்னாமாக் குத்தும் தெரியுமா!"

நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

ஒழுக்கம்ட்டி, ஒழுக்கம்!

முதல் நாள் சிரிப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முழு வகுப்பும் கொட்டைமேல் உட்கார்ந்து ராகம் இழுக்க, நான் அதைப் பார்த்து மெய்மறந்து ஆய்வேட்டில் பத்தி எழுதியிருக்கிறேன். நீ எப்படிச் சிரிக்காமல் நின்றாய்? இரண்டாம் நாள் சிரிப்பு போய்விட்டது. நீ உன் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கவில்லை. சரி. அவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள், கேட்டார்கள், உன்னால் மறுக்க முடியவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு கூடத்தைக் காப்பாற்றி, அதற்கு வெளியே இருந்த எத்தனை கூடங்களுக்குப் புது முறை போகாமல் செய்துவிட்டாய்! அந்தப் பிள்ளைகள் உன் தட்டியில் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. அதனால் உன் கணக்கில் வரவில்லையா?

சொல்லியிருக்கலாம். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். பட்டம் போயிருக்கும், இன்னொரு வருஷம் செய்திருப்பேன். ஒரு தடவை ஆசிரியர் கூட்டத்தில் நான் மேடையேறி "வித்தியாசம் இல்லை" என்று பேசியபோது மூன்றாம் வரிசையில் இருந்தாய். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாய். கொட்டாவி என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில், "ரெண்டு பக்கமும் நல்லாப் பண்ணுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றாய். இரண்டாவது தடவையாக அதே வாக்கியம். இப்போது தேடிப் பார்த்தால், நீ சொல்ல முயன்றது அவ்வளவுதான். போதுமா அது? மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது வாரம் இரண்டு முறை வந்தேனே. மோர் கலந்து கொடுத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்போது கூடவா?

ஒரு நேரம் உன்மேல் கோபம். இன்னொரு நேரம், அந்தப் பேராசிரியர்மேல், என்மேல். இரண்டு பிரிவும், அதே தாளை முன்னோட்டமாக எழுதிய மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட மிக நன்றாகச் செய்திருந்தன. நான் ஏ-யையும் பி-யையும் மட்டுமே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைத்தானே நீ இரண்டு தடவை சுட்டினாய். உடனே, இல்லை, அவள் சுட்டவில்லை, ஒளித்தாள் என்று மனம் திரும்பிவிடுகிறது. இப்படியே ஒரு வாரம்.

இதை உன்னோடும் என்னோடும் விட்டுவிட முடியாது. பயிற்சிப் பள்ளியில் இந்த ஜூனில் மறுபடியும் அதே ஆய்வைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சென்னீர்குப்பம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புது முறை, திருவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பழைய முறை. பொறுப்பு எனக்கு. எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, சிக்கனமானவர். "உங்க பழைய ஆய்வுலயே தெரிஞ்சுபோச்சே. இந்தத் தடவையும் அப்படியே வந்தா, பாடத்திட்டத்துலேர்ந்தே எடுத்துடலாம்" என்றார். நான் எழுதிய பொய்தான், அது பொய்யென்று தெரியாமல் நான் எழுதியதுதான், இப்போது சாட்சிக்கு வந்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுப் பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியையிடம் விளக்கினேன். சின்னப் பெண், முதல் வேலை. "எங்க பசங்களுக்கு எப்ப டீச்சர்?" என்றாள். "அடுத்த வருஷம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவள் ஒரு நொடி தன் வகுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். நான் அந்தச் "சரி"யை முன்பே கேட்டிருக்கிறேன்.

எனக்கு உன்னிடமிருந்து என்ன மிச்சம் என்று கேட்டால், இனி ஒரு வகுப்பு அமைதியாக உட்கார்ந்திருந்தால் என்னால் நம்ப முடியாது. நல்லதோ கெட்டதோ, வாழ்நாள் முழுக்க இது கூட வரும். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "உனக்கு இல்லை" என்று சொல்லும்படி இன்னொரு ஆசிரியையை இனி நான் கேட்க முடியாது என்பதும் வரும். கேட்டால் அவள் பொய் சொல்வாள். பொய் சொல்லாதவள் கையில் பிள்ளைகளை விடவும் எனக்கு மனம் வராது.

ஆகவே மேஜையில் கிடக்கும் தாள்களை இந்த வாரமே வேறு பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன். போன வருஷம் ஒன்றாம் வகுப்பு முடித்து, இப்போது இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு. பழைய முறையை அவர்கள் ஏற்கெனவே முழுதாகப் பார்த்துவிட்டார்கள். ஒப்பீட்டுக்கு அவர்கள் போதும். ஒன்றாம் வகுப்பு இரண்டு பள்ளியிலும் புது முறையில் நடக்கட்டும். வருஷ முடிவில் அவர்களுக்கும் இதே தாள். இது சுத்தமான ஆய்வா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். பிள்ளைகள் வேறு, வருஷம் வேறு, குறை இருக்கிறதுதான். நம்முடையதைவிடச் சுத்தமானது.

அதற்கு முன்னால், நாளை காலை, தலைமையாசிரியையின் அறையில் எல்லா ஆசிரியர்களும் இருக்கும்போது, என் பழைய ஆய்வு செல்லாது என்று சொல்லப் போகிறேன். பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிடுவேன். ஏன் செல்லாது என்பார்கள். உன் பெயரைச் சொல்வேன். ஏமாற்றினாள் என்ற சொல்லை வேறு யாரும் எடுப்பதற்கு முன்னால் நானே எடுப்பேன். எதற்காக ஏமாற்றினாள் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். என் பட்டத்தை என்ன செய்வார்களோ, தெரியாது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் சம்மதத்தையும் கேட்கவில்லை. நீ மட்டும் என்னைக் கேட்டா செய்தாய்?