ரசமட்டத்துக்கு ஒரு வேலை

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நீ இருக்கும் லட்சணத்தை உன் அக்கா சொல்லிவிட்டார். போன் அடிச்சா எடுக்க மாட்டா, எழுத்துன்னா படிக்காம கீழே வைக்க மாட்டா, நீ எழுதிப் போடும்மா என்றார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட விரித்துப் படிக்கிறவள் நீ. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் வகுப்புச் செய்திகள். படிப்பு முடிந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் நம் ஆட்கள் அடிக்கும் கூத்து சொல்லி மாளாது. கடைசி பெஞ்சில் தூங்கியே பட்டம் வாங்கினானே குறட்டை, அவன் நம் கல்லூரியிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டான். அவன் வகுப்பில் யாராவது கண்ணை மூடினால் போதும், எழுப்பி நிற்க வைத்துவிடுகிறானாம். தூக்கம் எப்படி ஒருவனைக் கெடுக்கும் என்று ஒருநாள் முழு வகுப்பும் பேசியிருக்கிறான். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் தூங்கியிருக்கிறார்கள்.

நெட்டை சொந்த வீடு கட்டினான். எல்லாம் அவன் உயரத்துக்கு! சமையல் மேடை அவன் மனைவிக்கு நெஞ்சு வரை வருகிறது. பாவம், முக்காலி போட்டு ஏறி நிற்கிறாள். நான் போயிருந்தபோது, தினமும் மலையேறித்தான் சமைக்கிறேன் அக்கா என்றாள். இவன் கொஞ்சமும் வெட்கப்படாமல், இன்னும் நல்ல முக்காலியாக வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தான்.

நம் தங்கப்பதக்கம் மாமனாருக்குக் குளியலறை கட்டிக் கொடுத்தான். தரையின் வாட்டம் தவறிப்போய், குளிக்கிற தண்ணீர் முழுக்கப் படுக்கையறைக்கு ஓடுகிறது. மாமனார் தினமும் காலையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டு, மாப்பிள்ளை தங்கப்பதக்கம் வாங்கினவர் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாராம். புகழ்கிறாரா திட்டுகிறாரா என்று இன்றுவரை அவனுக்குப் புரியவில்லை.

உதட்டோரமாவது அசைந்ததா? அசைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் உன்னைச் சிரிக்க வைக்க மட்டும் இதை எழுதவில்லை. இவர்கள் தவறுக்கு அடியில் யாரும் நிற்கவில்லை. அதனால் அது சிரிப்பாகப் போயிற்று. உன் தவறுக்கு அடியில் ஒரு கொத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

நீ தவறே செய்யவில்லை என்று நான் எழுதப் போவதில்லை. ஒப்பந்ததாரர் அவசரப்படுத்தினார், உண்மைதான். ஆனாலும் சன்ஷேடுக்குக் கொடுத்திருந்த முட்டுக்கம்புகளை எடுக்கலாம் என்று தலையாட்டியது நீ. கான்கிரீட்டை இன்னும் சில நாள் இறுக விட்டிருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அது சரிந்ததில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. விசாரணையில் உன்னை விட்டுவிட்டார்கள், நீதான் உன்னை விட மறுக்கிறாய். வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டுப் பின்னறையில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்குக் கோபம் கோபமாக வருகிறதடி. நீ உள்ளேயே கிடப்பதால் அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது, சொல்.

போன வாரம் நான் அவரைப் பார்க்கப் போனேன். உன்னைக் கேட்காமல் போனதற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். துணிக்கடைகளுக்குப் பின்னால் குறுகலான சந்து. ஓர் அறை வீடு, வாசலில் செங்குத்தாக மூன்று படி. யாரோ புண்ணியவான்கள் சக்கர நாற்காலி வாங்கித் தந்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம், இறங்க முடியாது. மனைவியும் பக்கத்து வீட்டு டெய்லரும் சேர்ந்துதான் தூக்கி இறக்க வேண்டும். டெய்லருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்று முழுக்க இவருக்கு வீட்டுக்காவல்.

அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. அந்த இன்ஜினியரம்மா ஒரு தடவை வந்து என் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். மனைவி அப்படியில்லை. அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன், போய்ச் சொல்லுங்க என்றார். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைத்துக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஓட்டலில் கூடுவதாக இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் வாசலில் கூடி, நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் கட்டிக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். வீட்டுச் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டார். ஆனால் நாலு இன்ஜினியர் சேர்ந்து மூன்று படிக்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியவில்லை, கேவலம். நெட்டை போட்ட படத்தின்படி கட்டினால் நாற்காலி நேராக எதிர்வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும். குறட்டையின் படம் சந்து முழுவதையும் அடைத்துவிடும். தங்கப்பதக்கம் வாயைத் திறந்ததுமே, நீ தண்ணி பிடிச்சுக் கொடு, அது போதும் என்று அடக்கிவிட்டார்கள். சுவரோரமாகத் திருப்பி இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே திருப்புவது, எவ்வளவு வாட்டம் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. கரும்பலகை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதல் நாளே பேராசிரியரிடம் எழுந்து சொல்லி, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வாங்கிக்கொண்ட உன் கண் எங்களில் யாருக்கும் இல்லை.

நீயும் வரக்கூடும் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, வந்தா வரட்டும், இந்தத் தடவையாவது நல்லா இறுக விடச் சொல்லுங்க என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை உன் அக்கா வீட்டுக்கு வருவேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு, வேறொன்றும் வேண்டாம். அவரிடம் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று இப்போதே மருக வேண்டாம். அந்தக் கதவு திறக்காது என்றே வைத்துக்கொள். திறப்பதும் மூடுவதும் அவர்கள் விருப்பம். நமக்கு வேலை கதவுக்கு வெளியேதான் இருக்கிறது. வந்துவிடடி.

உன்னை விட்டுக்கொடுக்க மனமில்லாத
அறைத்தோழி,
வாயாடி