சீப்பில் சிக்கிய முடி

1969, மாசி 20

இன்று நெல் அவித்தேன். நல்ல வெயில். பெட்டியிலிருந்த சவுரியையும் எடுத்து எண்ணெய் தடவி வைத்தேன்.

கார்த்திகையில் என் வீட்டுக்காரர் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தார். வேஷச் சாமான் எல்லாம் கூத்து ஜமாவுக்கே போய்விட்டது. சவுரியை மட்டும் நான் தரவில்லை. அது என் முடி. கல்யாணமான நாளிலிருந்து சீப்பில் சிக்கியதை எறிய விடமாட்டார். டப்பாவில் சேர்த்துச் சேர்த்து அவரே கட்டினார். பாஞ்சாலி வேஷத்துக்கு அதைத்தான் வைத்துக்கொள்வார். ஊர்ப் பொம்பளைகள் கிண்டல் பண்ணுவார்கள்: "பூவம்மா தல கூத்துல ஆடுது, பூவம்மா அடுப்பாண்ட குந்திக்கினு கீறா."

எனக்கு அப்போது பெருமைதான்.

பங்குனி 1

கலியன் வாத்தியார் வந்தார். ஜமாவை நடத்துகிறவர் அவர்தான். திருவிழாவுக்குத் திருவிழா சூலூர்ப்பேட்டைத் தெலுங்கு ஜமா நம் ஆரம்பாக்கத்துக்கு வந்து ஆடும், நம் ஜமா அங்கே போய் ஆடும். ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கற்றுக்கொள்வார்கள். இந்த வருஷம் ரெண்டு ஜமாவும் சேர்ந்து பாஞ்சாலி துகிலுரியும் கூத்து கட்டப் போகிறார்களாம்.

"அரசப்பன் போனப்புறம் நம்மகிட்ட பாஞ்சாலி இல்லம்மா. செஞ்சம்மா கட்டறேன்னு சொல்லிச்சி. அந்தச் சவுரிய குடுத்தீன்னா நல்லா இருக்கும்."

செஞ்சம்மா. அந்தத் தெலுங்கு ஜமாவில் பொம்பளைகளே வேஷம் கட்டுவார்கள். என் வீட்டுக்காரர் அங்கே போய் வந்தால் நாலு நாளைக்கு அந்தப் பேச்சுதான். செஞ்சம்மா இப்படிப் பாடினாள், செஞ்சம்மா அப்படி அழுதாள். குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"ஏன், அவளுக்குத் தலமுடி இல்லியா?"

"திருப்பதியில மொட்ட போட்டுக்கினா."

"சவுரிய எலி கடிச்சிடுச்சி வாத்தியாரே."

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விட்டார்.

பங்குனி 2

என் வீட்டுக்காரரின் அக்கா லட்சுமியம்மாள் வந்தாள். வந்ததே இதைச் சொல்லத்தான்.

"இன்னாமே, தெரியாதா ஒனக்கு? எந்தம்பிக்கு ஜுரம்னு கேட்டுத்தான் அவ மொட்டைக்கு வேண்டிக்கினாளாம். கட்டினவ பின்னல் போட்டுக்கினு கீறா, எவளோ போயி முடி குடுக்கறா."

அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. யாரு அவ? இன்னா உறவு அவளுக்கு? நான் ஏன் வேண்டிக்கல? ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் கஞ்சி தூக்கிக்கினு அலைஞ்சேன், வேண்டிக்கத் தோணல. எனக்குத் தோணல, அவளுக்குத் தோணிச்சி. அதுதான் வவுத்த எரிக்குது.

பங்குனி 3

சவுரியை அடுப்பில் போட எடுத்தேன். திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

பங்குனி 9

மத்தியானம் கோயில் பந்தலில் ஒத்திகை. அவளைப் பார்க்கத்தான் போனேன், பொய் எதற்கு?

பெரிய அழகி என்று நினைத்திருந்தேன். குட்டை. கறுப்பு. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. மொட்டைத் தலையில் மையில் முக்கிய சணல் நாரைக் கட்டியிருந்தாள். துச்சாதனன் வேஷக்காரன் வரதன் பிடித்து இழுத்தான், நார் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. "டேய் வரதா, துணிய உருவுடான்னா தலைய உருவிக்கினு நிக்கறியே" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அழுகைப் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். பாடிக்கொண்டே, நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் காதுப் பக்கம் தள்ளினாள். நெற்றியில் முடியே இல்லை. வெறும் தலையில் கை போய் வந்தது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் கை. மாவு அரைக்கும்போது விரலெல்லாம் மாவாக இருக்கும், முடி கண்ணில் விழும், நான் அப்படித்தான் புறங்கையால் தள்ளுவேன்.

பாட்டு முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன், இது யாரிடம் கற்றாய் என்று.

"அரசப்பண்ணா சொல்லிக் குடுத்தாரு. மார்ல அடிச்சிக்காதம்மா, எங்க ஊட்ல அது இப்பிடித்தான் முடி தள்ளும், நீயும் அப்பிடித் தள்ளு. ராணின்னாலும் பொம்பளதானேன்னாரு." என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "வதினா நீங்கதானா?"

வதினா என்றால் தெலுங்கில் அண்ணி.

மொட்டையைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் வர முடியவில்லை.

"அண்ணாக்கு ஜுரம்னாங்க, வேண்டிக்கினேன். சாமி கேக்கல. அதுக்கின்னா பண்றது, வேண்டிக்கினத குடுக்கணும் இல்ல? போன மாசம்தான் போயி குடுத்தேன்."

ஆள் செத்த பிறகு போய்க் கொடுத்திருக்கிறாள்.

பங்குனி 10

நீ முடி தள்ளுவது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு நாள் சொல்லியிருப்பாரா? இல்லை. ரயில் ஏறிப் போய், வேறு பாஷைக்காரியிடம் சொல்லியிருக்கிறார். நான் மாவு அரைக்கும்போது இந்த மனுஷன் எங்கே உட்கார்ந்து பார்த்தார்?

அதற்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்ததை எல்லாம் அவள் வைத்திருக்கிறாள். போன ஆளாண்ட போயி இன்னான்னு கேக்கறது?

பங்குனி 12

விளக்கு வைப்பதற்கு முன்பே சவுரியை எடுத்துக்கொண்டு வேஷம் கட்டும் கொட்டகைக்குப் போனேன்.

"எலி கடிச்சிதுன்னியே?" என்றார் வாத்தியார்.

"அந்த எலி நான்தான். தள்ளுங்க."

மொட்டைத் தலையில் சவுரி நிற்காது. என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து, அவள் தலையைச் சுற்றி நானே இறுக்கிக் கட்டினேன்.

"வலிக்குதா?"

"இல்ல வதினா."

கொஞ்சம் வலிக்கட்டும் என்றுதான் இறுக்கினேன்.

ராத்திரி கூத்தில் வரதன் இழுத்தான். சவுரி அசையவில்லை. முடி அவிழ்ந்து அவள் முகமெல்லாம் விழுந்தது. புறங்கையால் தள்ளினாள். பக்கத்தில் இருந்த லட்சுமியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரை 6

இப்போது நம் ஜமா சூலூர்ப்பேட்டைக்குப் போயிருக்கிறது. சவுரி செஞ்சம்மாவிடம்தான். அவளுக்கு முடி வளர்ந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வரதன் இழுத்த இழுப்பில் நடுவில் மெலிந்துபோய்விட்டதாம், வாத்தியார் சொல்லி அனுப்பினார்.

காலையில் தலை வாரினேன். சீப்பில் சிக்கியதைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன், எறிய. எறியவில்லை. பரணிலிருந்து டப்பாவை இறக்கி, துடைத்து, உள்ளே போட்டேன்.