இரண்டு மணி நேரத்தில் மீனம்பாக்கம்

புரட்டாசி 5, சனி

காலையில் வெயில். மதியம் புழுக்கம். நாலு மணிக்குத் தூறல். காயப் போட்ட வேர்க்கடலையை அள்ளி உள்ளே கொண்டுவருவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு பொழுது விரதம் வேறு.

பேத்தி நிவேதாவுக்கு விமானக் கம்பெனியிலிருந்து தகவல். எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பெரிய விமானம் இல்லை. எழுபது பேர் உட்காருகிற, இறக்கையில் காத்தாடி வைத்த விமானம். சேலம், தூத்துக்குடி, மைசூர் என்று போய்வரும். சின்னதோ பெரிதோ, மேலே போகிறதா இல்லையா? அது போதும் எனக்கு.

ரேஷன் கடையில் யாராவது கேட்டால் தடுமாறக் கூடாது என்று, வேலைக்கு என்னென்ன வேண்டும் என்பதை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

லைசென்ஸ்.
இருநூறு மணி நேரம் ஓட்டிய அத்தாட்சி.
அந்த ரக விமானத்துக்கென்று தனிப் படிப்பு.
இங்கிலீஷ் பேசுவதற்கு ஒரு பரீட்சை.
கண், காது, நெஞ்சு, சிறுநீர். ஒன்றையும் விடவில்லை.
பொம்மை விமானத்தில் உட்கார வைத்து, ஒரு இன்ஜினை அணைத்துவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று பார்ப்பது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. சில நாள் இவள் வீட்டில் தயாராகக் காத்திருக்க வேண்டுமாம். யாராவது பைலட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் இவளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். விலாசத்தில் உத்திரமேரூர் என்று பார்த்ததும் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரும் வாரத்தில் ஒரு நாள் சொல்லாமல் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவன். அவன் பல்லாவரத்திலேயே இருக்கிறானாம். இருக்கட்டும்.

நி. பல்லாவரத்தில் சிநேகிதியோடு அறை எடுக்கிறேன் என்று போன மாதமே சொன்னாள். நான்தான் விடவில்லை. வீட்டுச் சோறு, வீட்டுத் தூக்கம். விமானம் ஓட்டுகிறவள் ஓட்டல் இட்லி தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

புரட்டாசி 6, ஞாயிறு

வானம் மூட்டம். மழை இல்லை.

ஒத்திகை. மகன் ஏழுமலை கார் ஓட்ட, நி. முன்னால், நான் பின்னால். நான் எதற்கு என்று கேட்டான். சாட்சிக்கு என்றேன்.

வாலாஜாபாத் வரை நன்றாகவே போனோம். அங்கே என் நாத்தனார் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். பேத்தி வேலைக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லத்தான். அவள் காபி போட்டுவிட்டாள். ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை. படப்பையில் எருமை. அதற்கப்புறம் எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, பெட்ரோல் பங்கில் இறங்கினேன்.

மீனம்பாக்கம் சேர இரண்டேமுக்கால் மணி நேரம். நான் இறங்கின நேரத்தைக் கழித்துவிட்டால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏழுமலை காரைத் திருப்பினான். நி. கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா: "இன்னாக்கா, ஏரோப்ளேன் ஓட்ற பொண்ணு ஏரோப்ளேனுக்குப் போறதுக்கே ஒரு ஏரோப்ளேன் வேணும் போலக் கீதே?"

அவளுக்கு வயிற்றெரிச்சல். அவள் பேரன் எல்.எல்.ஆர். பரீட்சையிலேயே இரண்டு தரம் தோற்றுவிட்டான்.

புரட்டாசி 7, திங்கள்

விடியற்காலையில் பனி மாதிரி. பால்காரர் வரவில்லை.

நேற்று படுத்தபின் ஞாபகம் வந்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசைக்குக் கிளம்பக் கூடாது. மீனம்பாக்கம் நமக்கு வடக்கு. அந்த இரண்டு நாளில் கூப்பிட்டுவிட்டால்? கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பார்த்தா கூப்பிடுவான்.

வழி இல்லாமல் இல்லை. நல்ல நேரத்தில் பையை எடுத்துப்போய் வேறு ஒரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கின மாதிரி. மூன்று நாளைக்குச் செல்லும். அப்புறம் ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷம் இல்லை. என் மாமியார் காசிக்குப் போனபோதும் இப்படித்தான், பை இரண்டு நாள் முன்னாலேயே போயிற்று.

கா. 6.30. நி. குளிக்கப் போயிருந்தாள். அவள் சக்கரம் வைத்த கறுப்புப் பையை உருட்டிக்கொண்டுபோய் கன்னியம்மா வீட்டு உள் அறையில், ஜன்னலை ஒட்டின கட்டிலில் வைத்தேன். வடக்குப் பக்கத்து வீடு அது ஒன்றுதான். இல்லாவிட்டால் அவளிடம் போயிருக்க மாட்டேன். கன்னியம்மாவுக்குக் காரணம் புரிந்தது. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. பைக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

நி.யிடம் சொல்லவில்லை. படித்த பெண், சிரிப்பாள்.

இன்று கூப்பிடவில்லை.

புரட்டாசி 8, செவ்வாய்

கொளுத்துகிற வெயில்.

காலை பத்து மணி இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நி. போனில் "எஸ் சார், எஸ் சார்" என்றாள். வைத்ததும் ஓட்டம். ஏழுமலை கழனியிலிருந்து வந்து காரைத் திருப்பிவிட்டான். உடுப்போடும் லைசென்ஸோடும் வரவேண்டுமாம்.

"ஆயா, என் பை எங்க?"

சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

கன்னியம்மா வீட்டில் பூட்டு. காவாந்தண்டலத்தில் மகள் வீட்டுக்குக் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஏழுமலை போன் போட்டான். பஸ் பிடித்து வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றாள். அதோடு விட்டாளா? "பைதான் நேத்தே கெளம்பிடுச்சே, நீங்க இன்னுமா கெளம்பல?" ஸ்பீக்கரில் போட்டிருந்தான். தெருவே கேட்டது.

ஜன்னல் திறந்திருந்தது. கம்பி. உள்ளே கட்டிலில் பை தெரிகிறது. கம்பிக்கு நடுவில் என் கை போகும், பை வராது. பூட்டை உடைக்கலாம் என்றான் ஏழுமலை. அடுத்தவள் வீட்டுப் பூட்டை உடைத்தால் இந்தத் தெருவில் பிறகு நாம் குடியிருப்பதா? முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைக் கொண்டுவந்தேன். கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி ஜன்னல் வரைக்கும் இழுத்துவிட்டேன். நி. கையை விட்டு ஜிப்பைத் திறந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே. லைசென்ஸ். மெடிக்கல் சான்று. வெள்ளைச் சட்டை. பேன்ட். தோள்பட்டைக்குப் போடுகிற கோடு. ஒரு ஷூ.

இன்னொரு ஷூ நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. துரட்டி எட்டவில்லை. நான் தரையில் படுத்துப் பார்த்தேன். வெளியே தரையில் படுத்தால் உள்ளே இருக்கிற ஷூ எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

உடை மாற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு காரில் ஏறினாள். நானும் கதவைத் திறந்தேன்.

ஏழுமலை: "யம்மா, நீ எறங்கு."

இறங்கினேன். கார் ஏரிக்கரை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வழியனுப்ப ஒரு டம்ளர் பால் கொடுக்க வைத்திருந்தேன். அது கையிலேயே இருந்தது. நானே குடித்தேன்.

மதியம் சாப்பிடவில்லை. ஒரு மணிக்கு ஏழுமலை பேசினான். நேரத்துக்குள் சேர்ந்துவிட்டார்கள், மயிரிழை. ஒரகடத்தில் வழி கிடைத்ததாம். மேலதிகாரி இவளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ஏன் செருப்பு என்றாராம்.

"ஷூ நல்ல நேரத்துல முன்னாடியே கெளம்பிட்ச்சு சார்."

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லையாம். கையெழுத்துப் போடச் சொல்லி விட்டாராம்.

புரட்டாசி 10, வியாழன்

நல்ல மழை. கொல்லையில் தண்ணீர்.

வேலை உறுதி. கடிதம் வந்துவிட்டது. ரேஷன் கடை, தபால் ஆபீஸ், கோயில் மூன்றுக்கும் குடையோடு போய்வந்தேன். கன்னியம்மாவுக்கு நானே சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்படி ஷூ விவகாரத்தை அவள் எடுப்பதற்குள் வந்துவிட்டேன்.

சாயங்காலம் நி. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறக்கிப் பேசினாள். கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறதாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்க வேண்டுமாம். கட்டாயமாம்.

"நான் இன்னா ஆயா பண்றது? ரூல்ஸு."

இது என்ன ரூல்ஸ்? நேரத்துக்குப் போய்க் காட்டின பிறகும்? அவனுக்கு வீடு வாசல் இல்லையா, அம்மா அப்பா இல்லையா? நன்றாகக் கேட்டேன். ஏழுமலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். மாடு மதியமே குடித்தாகிவிட்டது.

புரட்டாசி 12, சனி

மழை விட்டது. விரதம். பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல், கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

கொல்லையில் துணி எடுக்கப் போனேன். நி. கிணற்றடியில் நின்று போனில் சிநேகிதியோடு பேச்சு. நான் இருப்பது தெரியாது. ஈரப் புடவைக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"கம்பெனிலாம் ஒண்ணும் சொல்லலடி. ஆயாகிட்ட அப்டி சொல்லிக்கீறேன். ரோடுகூட சமாளிச்சிடுவேன், ஆயாவ சமாளிச்சிக்கினு டூட்டிக்குப் போவ முடியாது. ஆனா அத அதுகிட்ட சொன்னா தாங்காது. என்னை வளர்த்த ஆளு."

துணி எடுக்காமல் உள்ளே வந்தேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம்தான் வரவேண்டும். இரண்டேமுக்கால் மணி நேரத்தை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். காபி, பெட்ரோல் பங்க், பூட்டின வீடு. எல்லாம் என் கணக்கில்தான் வருகிறது.

நி. உள்ளே வந்தாள். நாளைக்கே அறை பார்க்கப் போகலாமா என்றாள், தயங்கித் தயங்கி.

பாவி கம்பெனிக்காரன், வயசுப் பெண்ணை வீட்டை விட்டுப் பிரிக்கிறானே, அவன் உருப்படுவானா என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். அவள் முகத்தில் நிம்மதி. திட்டிக்கொண்டே பீரோவிலிருந்து அவளுக்கு நல்ல போர்வையாக இரண்டு எடுத்து வைத்தேன்.