காகிதக் கிரீடம்

அன்புள்ள அண்ணை,

மூத்த பேரன் இஞ்சினியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டான். அடுத்தவள் சென் தெனி ஆஸ்பத்திரியில் டாக்குத்தர். கடைக்குட்டி மதுரா எங்கள் நகரசபையில் துணை மேயர்! பிரான்ஸ் கொடியின் மூன்று நிறச் சால்வையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு போன சனிக்கிழமை ஒரு பதிவுக் கலியாணம் நடத்திவைத்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் முன்வரிசையில் இருந்தேன்.

இன்று பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், பேக்கரிக் கண்ணாடிக்குள் தை மாதத்து ராசா கேக்கைக் கண்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

நீங்கள் லண்டனிலிருந்து வந்திருந்த அந்தத் தையில், குழந்தை மதுரா மேசைக்குக் கீழே இருந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொன்னாள். கேக்குக்குள் ஒளித்திருந்த சின்னப் பொம்மை உங்கள் துண்டில் வந்தது. பொம்மை கிடைத்தவர்தான் அன்றைக்கு ராசா. அவள் காகிதக் கிரீடத்தை நீட்டினாள். சாமியறை வாசலில் இங்கிலாந்து மகாராணியின் படத்தை மாட்டிவைத்திருக்கும் நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"ராசா எண்டால் பிறப்பிலை வரவேணும். சீட்டுக் குலுக்கியோ எடுக்கிறது?"

"பிறக்கிறதும் சீட்டுக் குலுக்கல்தானே அண்ணை? ஆரின்ரை வயித்திலை எண்டு ஆர் கேட்டுப் பிறந்தது?"

"எடியே, நீங்கள் ஓட்டுப் போட்டுத் தெரிஞ்செடுக்கிற ஆளைப் பாதி நாடு திட்டுது. எங்கடை ராணி எல்லாருக்கும் பொது."

"திட்டலாம், மாத்தலாம். உங்கடை அரண்மனையிலை எங்கடை பெட்டை எந்தக் காலத்திலை இருக்கிறது?"

"இஞ்சை மட்டும் இருத்தப் போறாங்களோ? பாப்பம்."

அதற்குப் பிறகு டெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி, "உன்ர குடியரசு என்ன சொல்லுது?" என்பதுதான். இந்தச் சால்வையைப் பதிலாகக் காட்டுமுன்னே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று லண்டனில் உங்கள் வீட்டுக்கு டெலிபோன் எடுத்து மச்சாளிடம் சால்வைச் சங்கதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

"உன்ர அண்ணை அவளுக்கு எப்பவோ முடிசூட்டிட்டார்!"

சாமியறை வாசலில் மகாராணியின் படத்துக்குப் பக்கத்தில் மதுராவின் பழைய பள்ளிக்கூடப் படமாம். அதன் உச்சியில் அந்தக் காகிதக் கிரீடமாம். நீங்கள் அதைக் கோட்டுப் பைக்குள் மடித்துவைத்துக் கொண்டுபோனது எனக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு இப்போதும் குடியரசுதான், அண்ணை. நீங்களும் ராணியை இறக்கவில்லை. ஆனால் பிறப்பிலை வரவேணும் என்று சொன்ன நீங்களே, சனம் தெரிந்தெடுக்க முன்னம் இவளைத் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள். அதையும் ஒரு ஓட்டாக எண்ணி வைத்திருக்கிறேன். லா சப்பலில் யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டெலிபோனை வைக்க முன்னம் மச்சாள் சொன்னா: "பள்ளிக்கூடப் படம் மங்கிப்போச்சு. சால்வையோடை புதுசா ஒண்டு எடுத்துத் தபாலிலை போடு. கிரீடத்தை நான் கழட்டேல்லை."