சிறகுக் காற்று

இன்று காலை ஜன்னல் விளிம்பில் ஒரு சாம்பல் புறா வந்து உட்கார்ந்தது. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். அதற்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்குத்தான் வந்திருக்கும்.

எனக்கு இருமல் தொடங்கியது நான் வாழ்க்கைப்பட்டு வந்த, உங்கள் வாப்பா கட்டிய மாத்தளை வீட்டில். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம். அப்போதும் உங்கள் புறாக்களுக்குச் சோளம் குறைந்ததில்லை. கூட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. படியேறினால் மூச்சு வாங்கியது, பின்னேரமானால் காய்ச்சல். காசம் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டி, போன இடத்திலெல்லாம் எனக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். நீங்கள் மட்டும் நான் குடித்து வைத்ததை எடுத்துக் குடித்தீர்கள். புறாச் சிறகுக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று ஊரே சொல்லும். நீங்களும் அதை நம்பி, என் கட்டிலைக் கொண்டுபோய்க் கூட்டுக்கு அடியில் போட்டீர்கள். அவை இறக்கை அடிக்கும்போதெல்லாம், "நல்லா இழு புள்ள" என்பீர்கள். இழுத்தேன். கொஞ்ச நாளில் எலும்பும் தோலுமானேன்.

கண்டி டொக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துக் காசம் இல்லை என்றார். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள், கட்டில் கிடக்கும் இடம் உட்பட. அவர் பேனாவை வைத்துவிட்டு நெடுநேரம் பேசினார். எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்காது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அபூர்வமான வியாதி, புறாத் தூசி என் சுவாசப்பைக்குப் பகை, இப்படியே விட்டால் அது இறுகிப்போகும் என்றெல்லாம் அவர் சொன்னது பிறகுதான் தெரியவந்தது. அங்கே நீங்கள் எனக்குச் சொன்னது ஒரே சொல்தான்.

"புறாவாம்."



ஊர் திரும்பியதும் வஹகோட்டையில் இருந்த கூட்டாளிக்குப் புறா எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். திறந்துவிட்ட அன்றே திரும்பி வந்தன. இறகை நறுக்கிக் கொடுத்தீர்கள். எனக்கு மூச்சு சீராகி எழுந்து நடமாடும்போது, இறகு முளைத்து மறுபடி வந்தன. நானும் மறுபடி படுத்தேன். அறுத்துச் சூப்பு வைக்கச் சொன்ன மச்சானுக்கு அன்று நீங்கள் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நானா புறாவா என்று உங்களிடம் கேட்க எனக்குப் பயம். கேட்காமலே கிடந்தேன்.

ஒருநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, கூட்டை அண்ணாந்து பார்த்தபடி சொன்னீர்கள்:

"இதுகளுக்கு வேற எடம் போக ஏலா. நமக்கு ஏலும். நாம போவம்."

வாப்பாவின் வீட்டை உங்கள் தம்பியிடம் விட்டுவிட்டு அலுவிகாரையில் இரண்டு அறைக்குள் குடிவந்தோம். உங்கள் கடையைப் பூட்டியதும் பழைய வீட்டுக்குப் போய்ப் புறாக்களுக்குத் தீனி போடுவீர்கள். அங்கேயே கிணற்றில் சவர்க்காரம் போட்டுத் தலைமுழுகி, வேறு சாரம் உடுத்து வருவீர்கள். அடைமழையிலும் அப்படித்தான். ஈரத் தலையோடு வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்பீர்கள். நான் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். சவர்க்கார வாசம் மட்டும் இருக்கும். கடைசிவரை என்னை நீங்கள் இருமவைக்கவில்லை.

நீங்கள் மௌத்தான அன்று குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு, முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நெற்றியோரம் முடி ஈரமாக இருந்தது. நான் வழக்கம்போலக் குனிந்து முகர்ந்தேன். சவர்க்காரமும் கற்பூரமும். என்னையறியாமல், "வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாசம் இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது. என் சுவாசப்பை அதை ஒருநாளும் பகையாக நினைத்ததில்லை.