எழுவைதீவு இடம் மாறிய திருநாள்

நாரந்தனை,
ஊர்காவற்றுறை.
14.09.2008

அன்பு மகள் ஜெனீற்றாவுக்கு,

என்னைக் கேளாமல் என்னுடைய கொம்பியூட்டரை மாற்றச் சொன்னது நீர் செய்த பிழை. சொன்னவுடன் வந்து மாற்றிவிட்டுப் போனது பட்டணத்தில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிற உம்முடைய சித்தப்பா மகன் டிலோன் செய்த பிழை. இரண்டையும் முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். நீரும் மருமகனும் பேரன் றெக்ஷனும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு இருக்கிறது, வாய்க்கு ஒரு உளைவும் இல்லை. சோளகக் காற்று அடங்கி வருகிறது, கடலுக்கு இறங்க நேவி தருகிற நேரம்தான் கூடவில்லை. சுவாமியார் கொழும்புக்குப் பிளேனில் போகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உம்முடைய அம்மா செபஸ்தியம்மா கேட்டாள், இதைப் போனிலை சொன்னால் என்ன, ஏன் பேப்பரை நாசமாக்கிறியள் என்று. போனில் என்றால் நீர் அப்பா அப்பா என்று குறுக்கே விழுவீர், கடிதத்துக்குக் குறுக்கே விழ முடியாது.

சமாதான காலத்தில் வந்தபோது அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கொண்டுவந்து இந்தக் கதிரையில் என்னை இருத்தி, அப்பா இது லினக்ஸ், இதுக்கு வைரஸ் வராது, பயப்பிடாமல் அமத்துங்கோ என்று சொல்லிக் கொஞ்ச நாள் காட்டித் தந்தீர். பிறகு போய்விட்டீர். மிச்சமெல்லாம் நான் தனியே அமத்தி அமத்திப் பழகியது. இங்கிலீசு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அதுவும் ஒரு சொல்லைக் கூட்டி முடிக்கிறதுக்குள் பொறுமை போய்விடும், அதனால் நான் பேரை வாசித்து எதையும் தேடுவதில்லை. கடலில் எந்தத் தீவிலாவது பேர் எழுதி வைத்திருக்கிறதா, எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வள்ளம் போய்ச் சேரும். அதேபோலத்தான் அந்தத் திரையில் கோயில் பாட்டுகளின் சின்னச் சின்ன அடையாளப் படங்களை வைத்தேன். வலது ஓரம் எங்கள் தீவு, நான் இருக்கிற இடம், அங்கே ஒன்றும் வைக்கவில்லை. இடது பக்கம் மேலே எழுவைதீவு, அதில் அடக்கத்துக்குப் போடுகிற துக்க மணியும் பாட்டுகளும். அதற்குக் கீழே அனலைதீவு, அதில் கொடியேற்றப் பாட்டு. இன்னும் கீழே நயினாதீவு, மார்கழியில் போடுகிற பாலன் பிறப்புப் பாட்டுகள். தூரத்து மூலையில் நெடுந்தீவு, வருசத்தில் ஒரு தரம் தபசு காலத்தில் மட்டும் போகிற இடம். குப்பைத்தொட்டியை எந்தத் தீவிலும் வைக்க மனம் வரவில்லை, அதை ஆழக்கடலில் மிதக்க விட்டேன். நடுவில் எல்லாம் வெறும் நீலம். பின்னேரத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு ஒரு பாட்டும் போடாமல் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், காற்று எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும்.

கோயில் ஒலிபெருக்கியை நான் இசைத்தட்டுக் காலத்தில் இருந்து பார்க்கிறேன் என்பது உமக்குத் தெரியும். தட்டுப் போய்க் கசெற் வந்தது, கசெற் போய் உம்முடைய பெட்டி வந்தது, நான் போகவில்லை. கொடி கம்பத்தின் அடியை விட்டு எழும்புகிற அந்தக் கணத்தில் பாட்டு எழும்ப வேண்டும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. கோயிலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சீலை கட்டி மறைத்த கொட்டிலுக்குள் நான் இருப்பேன், கையை எடுத்து வைத்தால் அனலைதீவு. கண்ணாடிகூட வேண்டாம்.

இனி நடந்ததைக் கேளும். திருநாள் கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுக்க நேவி காம்புக்குப் போய்ப் பகல் முழுக்கக் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா பெட்டிக்கு முன்னால் கதிரையில் கண் கலங்கி இருக்கிறாள். திரை முழுக்க ஒரு பிள்ளை. இஞ்சை பாருங்கோ, றெக்ஷன் நடக்கிறான், டிலோன் ரவுனிலையிருந்து வந்து இதுக்குள்ளை புது லினக்ஸ் போட்டுத் தந்தவன், பழசிலை இந்தப் படம் ஓடாதாம், ஜெனீற்றாதான் சொன்னவவாம் என்றாள். நானும் பார்த்தேன். பிள்ளை ஒரு மேசைக்காலை விட்டு அடுத்த மேசைக்கால் மட்டும் நடந்தான், நடுவில் ஒரு தரம் நின்று எங்களைப் பார்த்தான். அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்து அது மறைந்த பிறகு பின்னால் தெரிந்தது என்னுடைய கடல் அல்ல. மங்கலான ஏதோ ஒரு வெளிச்சம், பனிமூட்டம் மாதிரி. என்னுடைய தீவுகள் எல்லாவற்றையும் இடது சுவரோடு ஒட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தது. டிலோனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பெரியப்பா, கண்டபடி சிதறிக் கிடந்தது, இப்பதான் வடிவாய்க் கிடக்கு என்றான். சிதறிக் கிடந்ததாம். தீவுகள் சிதறித்தானே கிடக்கும்.

சாப்பாட்டுக்கு முதல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டேன். நெடுந்தீவைத் தள்ளிக்கொண்டு போக நெடுநேரம் எடுத்தது. சரி, இனிக் காரியமில்லை என்று பெட்டியை நிறுத்தினேன். அடுத்தநாள் பெட்டியைக் கோயில் கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஜெனரேற்றர் போட்டுத் திரும்ப எழுப்பினேன். தீவுகள் தம் பாட்டில் நிற்கிறதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் இந்தப் புதியது திரும்ப எழும்பும்போது நான் வைத்த இடத்தை மதிக்காமல், தன்னுடைய வரிசைக் கணக்குக்கு ஒவ்வொன்றையும் ஒரு படி கீழே இறக்கிவிட்டிருக்கிறது. எழுவைதீவு அனலைதீவின் இடத்தில் வந்து குந்தியிருந்திருக்கிறது. பின்னேர வெயில் திரையில் விழுந்து வெளிறிக் கிடந்தது. கோயில் மூப்பர் அரியநாயகம் கொடி எழும்புது என்று காட்டக் கையில் இருந்த லேஞ்சித் துணியை ஆட்டினார். நான் கையை வைத்தேன்.

துக்க மணி. ஒலிபெருக்கிக் குழாய் இரண்டிலும், ஊருக்கும் கடலுக்கும் கேட்க, ஒவ்வொரு அடியாக. கொடிக் கயிற்றைப் பிடித்திருந்த இன்னாசித்தம்பி பயத்தில் கையை விட்டுவிட்டான், பாதியில் ஏறிய கொடி சறுக்கி இறங்கிவிட்டது. நான் நிறுத்தத் தேடுகிறேன், நிறுத்துகிற பொத்தானும் பழைய இடத்தில் இல்லை. அதற்குள் அடக்கப் பாட்டும் தொடங்கிவிட்டது. பின்வரிசையில் சின்னத்தங்கம் நிலத்தில் இருந்துகொண்டு, எடேய் ஆரடா, ஆரடா போனது, என்ரை பிள்ளை இன்னும் கரைக்கு வரேல்லையே என்று குழறினாள். அவளுடைய மகன் அன்றைக்குக் கடலில். அவன் இருட்ட முதல் நல்லபடியாகக் கரைக்கு வந்தான், ஆனால் அந்தக் குழறல் என் காதில் இருந்து போகவில்லை, அதற்கு நீரும் டிலோனும்தான் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து ஊரில் இருந்து, ஆற்றை செத்தவீடு, ஆர் போனது என்று சைக்கிளில் வந்தார்கள். இன்னாசித்தம்பி இப்போது சந்தியில் என்னைக் கண்டால், மரியநாயகமண்ணை, கொடியை எப்ப அடக்கம் செய்யிறது, பெட்டி சொல்லியிட்டியளோ என்று கேட்கிறான். கயிற்றை விட்டவன் அவன், பகிடி விடுகிறவனும் அவன்.

அடுத்தநாள் மூப்பர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, அண்ணை, கோவிக்காதேங்கோ, உங்களுக்கும் வயசு போட்டுது, திருநாளிலை மிச்ச நாளை டிலோன் பாக்கட்டும் என்றார். பாலன் பிறப்புக்கு யார் என்பதைக் கார்த்திகைக் கடைசியில் வருகிற திருவருகைக் கால முதல் ஞாயிறுக் கூட்டத்தில் தீர்மானிப்பார்களாம். போற வழியில் படலையைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன். அம்மா குசினிக்குள் இருந்து, கடலிலை தீவு நிண்ட இடத்திலைதானே நிக்கும், பெட்டிக்குள்ளை நிக்குமோ, பேரை வாசிச்சுப் பழகியிருந்தால் இது வருமோ என்றாள். அவள் சொல்வதிலும் ஏதோ இருக்கலாம்.

கடைசித் திருநாள் அன்று எத்தனையோ வருசத்துக்குப் பிறகு சனத்தோடு முன்னால் மணலில் இருந்தேன். பாட்டு முன்னால் இருந்து வருவதை நான் கேட்டதே இல்லை, எப்போதும் குழாய்க்குப் பின்னால்தானே இருப்பேன். அது எங்களுக்கு மேலால் போய், பனை வட்டுக்குள் கொஞ்சம் நின்று, பிறகு தண்ணீருக்கு இறங்கிப் போனது. கண்ணை மூடினால் நீலம் தெரிந்தது. தீவுகள் மெல்ல மெல்ல வந்து தங்கள் தங்கள் இடத்தில் நின்றன, என்னுடைய விரல் முழங்காலில் தன் பாட்டில் அசைந்தது. டிலோன் ஒரு இடத்திலும் பிழை விடவில்லை. ஒரு இடத்திலாவது விடுவான் என்று இருந்தேன், விடவில்லை.

புதியதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் குறை சொல்கிறேன் என்று நினைக்காதேயும். அன்றில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதற்கு முன்னால்தான் இருக்கிறேன். திரையில் விரிகிற ஒரு யன்னலைப் பிடித்து இழுத்தால் அது பலகைபோல் வராமல், தண்ணீருக்குள் வலை வருவதுபோல் நெளிந்து நெளிந்து வருகிறது, விட்டால் கொஞ்சம் ஆடிவிட்டு நிற்கிறது. இதை அம்மாவுக்குச் சொல்லாதேயும், ஒருநாள் விளக்கு வைக்கும் மட்டும் ஒரு வெறும் யன்னலை அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டே இருந்தேன், வேலை ஒன்றும் இல்லை, அது நெளிவதைப் பார்க்கத்தான். மூடினால் பட்டென்று போகாமல் மூச்சு விடுவதுபோல் மங்கிப் போகிறது. இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவர் தண்ணீரைக் கனநேரம் பார்த்திருக்கிறார். ஆனால் தொடக்கப் பொத்தானை அமத்தினால் பழைய மாதிரி எல்லாம் ஒரே பார்வையில் விரிவதில்லை, ஒரு பக்கம் வந்து மற்றப் பக்கத்தை மூடுகிறது, வந்த வழி தெரிவதில்லை. அந்த இரவுகளில் எனக்கு வருகிற கனவும் அதுதான், வள்ளத்தில் போகிறேன், தீவுகள் எல்லாம் கரையோடு வரிசையில் நிற்கின்றன, நடுக்கடல் வெறுமையாய்க் கிடக்கிறது, எங்கே போவது என்று தெரியவில்லை, ஆனால் பயமும் இல்லை. டிலோன் சொல்கிறான், பெரியப்பா, உலகம் முழுக்க உப்பிடித்தான் மாறுது, பழசை இனி ஆரும் பாக்கமாட்டினம் என்று. உலகம் மாறட்டும். உலகத்தைக் கேட்டார்களோ இல்லையோ எனக்குத் தெரியாது, என்னைக் கேட்கவில்லை. பழக முடியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம், நான் பழகினதுகள் கொஞ்சமா. என் வீட்டில் என் கதிரைக்கு முன்னால் இருக்கிற பொருளை, நான் வெளியே போன நேரம் பார்த்து மாற்றினால் அது திருத்தம் அல்ல.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். நீர் டிலோனுக்குப் போன் எடுத்து, அந்தப் பெட்டி அப்பாவுடையது, அவர் சொன்னால்தான் தொடலாம் என்று உம்முடைய வாயால் சொல்ல வேண்டும், என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. டிலோன் பழைய சிடியோடு திருவருகைக் கால முதல் ஞாயிறுக்கு முன் வந்து பழையதைத் திரும்பப் போட வேண்டும், பக்கத்துக் கதிரையில் இருந்து வாயால் சொல்லலாம், மவுஸில் கை வைக்கக்கூடாது. றெக்ஷனுடைய படத்தைப் பழையதில் ஓடுகிற மாதிரி மாற்றி இன்னொரு சிடியில் நீர் அனுப்ப வேண்டும், அது முடியும் என்று டிலோனே ஒத்துக்கொண்டான், முதலே செய்திருக்கலாம். அது வந்து சேரும் மட்டும் படத்தைப் பார்க்க அம்மாவை டிலோன் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், முழங்காலோடு அவளை பஸ்ஸில் ஏற்றக்கூடாது. மூப்பர் கூட்டத்தில் தீர்மானிக்க முதல் என்னை ஒரு தரம் கொட்டிலில் இருத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால், பகலில். இன்னாசித்தம்பி இனிமேல் எந்தப் பாட்டு வந்தாலும் கயிற்றை விடக்கூடாது. சின்னத்தங்கத்தின் வீட்டுக்கு நான் போக வேண்டும், அதை நாளைக்கே செய்வேன், நீங்கள் யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மாதா உங்களைக் காப்பாளாக. பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடும், நடக்கத் தொடங்கினவன் கதவுப் பக்கம்தான் போவான், பூட்டை மேலே வைக்கச் சொல்லி மருமகனுக்குச் சொல்லும். இரவில் செபம் சொல்ல மறக்காதேயும். அடுத்த வருசமும் இதுக்குப் புதிசு வருமாம் என்று டிலோன் சொல்கிறான். வரட்டும். வந்தால் முதலில் எனக்கு எழுதிக் கேட்க வேண்டும், நான் வேண்டாம் என்றால் வேண்டாம், ஓம் என்றால் ஓம். இந்த முறையும் கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ, அது இனி எனக்கும் தெரியவராது.

உம்முடைய அப்பா,
சூ. மரியநாயகம்